பந்தல் திராட்சைக்கு உயிர்மச் சான்று: முதல் நோட்டிலிருந்து முதல் விற்பனை வரை

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ரசாயனம் தொடாமல் பன்னீர் திராட்சை எடுக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். மூன்று நான்கு வருஷமாக யூரியா மூட்டையையே பிரிக்காதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் கையில் உயிர்மச் சான்று, அதாவது ஆர்கானிக் சான்று, இல்லாவிட்டால், அந்தப் பழமும் மற்ற பழத்தோடு ஒரே வண்டியில் ஏறி ஒரே விலைக்குத்தான் போகிறது. "நான் மருந்தே அடிக்கலைங்க" என்று வியாபாரியிடம் சொன்னால் அவர் தலையை ஆட்டுவாரே தவிர, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தர மாட்டார்.

அப்படிப்பட்ட ஒரு விவசாயி சான்று வாங்க வேண்டுமென்றால் எங்கே தொடங்கி, எதையெல்லாம் கடந்து போக வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கம்பத்துத் திராட்சையை மனத்தில் வைத்து எழுதினாலும், மா, கொய்யா, எலுமிச்சை போன்ற பல்லாண்டுப் பயிர் எதற்கும் பெரும்பாலான படிகள் இவையே.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர் உங்கள் தோட்டத்துக்கு வருவது வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். மற்ற நாட்களில் அங்கே என்ன நடந்தது என்பதற்கு உங்கள் கணக்கு நோட்டுதான் சாட்சி. விவசாயத்தில் கெட்டிக்காரராக இருந்தும் சான்று கிடைக்காமல் அலைகிறவர்களிடம் நான் பெரும்பாலும் காணும் குறை நோட்டு இல்லாததுதான். ஆகவே இதைப் படித்து முடித்ததும் விண்ணப்பப் படிவத்தைத் தேடிப் போகாதீர்கள். ஒரு நீளமான நோட்டு வாங்கி இன்றைய தேதியைப் போட்டு எழுதத் தொடங்குங்கள்.

படி 1: பழம் யாரிடம் போகப் போகிறது?

"பசுமைச் சான்று" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சான்றுகள் இருக்கின்றன. எது வேண்டும் என்பதை உங்கள் வாடிக்கையாளர்தான் தீர்மானிக்கிறார்.

வீட்டு வாசலிலும் உழவர் சந்தையிலும் நீங்களே நேரடியாக விற்கிறீர்கள், ஆண்டு வரவு 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்து விலக்கு தருகின்றன. ஆனால் உயிர்ம உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பையில் போட முடியாது.

சென்னை, கோவை, மதுரை இயற்கை அங்காடிகளுக்கு அனுப்ப நினைத்தால் பங்கேற்புச் சான்று, அதாவது பி.ஜி.எஸ்., போதும். பக்கத்துப் பக்கத்து ஊர் விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டும். ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் ஆய்வு செய்து கையெழுத்திடுவார்கள். வெளி ஆய்வாளருக்கான கட்டணம் கிடையாது. ரசாயனத்திலிருந்து உயிர்மத்துக்கு மாறும் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', முடிந்த பிறகு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என இரண்டு முத்திரைகள் உண்டு. இது உள்நாட்டு விற்பனைக்கு மட்டும்தான்.

ஏற்றுமதி, பெரிய நிறுவனங்கள், பழச்சாறு ஆலை என்று போனால், வெளி நிறுவனம் ஒன்று ஆய்வு செய்து தரும் மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும். மத்திய வணிக அமைச்சகத்தின் 'தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம்' (சுருக்கமாக என்.பி.ஓ.பி.) 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை நடத்துவது அபெடா எனப்படும் மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். அபெடாவின் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் பல இருந்தாலும், நம் மாநிலத்துச் சிறு விவசாயி முதலில் கதவைத் தட்ட வேண்டியது அரசின் சொந்தத் துறையைத்தான். 2007இல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தமிழ்நாடு அங்ககச் (உயிர்மச்) சான்றளிப்புத் துறை, இப்போது விதைச்சான்றுத் துறையோடு சேர்ந்து இயங்குகிறது. மாவட்டத்தில் விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

வெளிநாடு என்றால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. இந்தியச் சான்றை ஏற்கும் ஏற்பாட்டை அமெரிக்கா 2021 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. 2022 ஜூலைக்குப் பிறகு அங்கே அனுப்ப அந்நாட்டு விதிப்படி தனிச்சான்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2022 ஜனவரி முதல் புதிய உயிர்மச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. "எங்கள் சான்று எல்லா நாட்டுக்கும் செல்லும்" என்று யாராவது சொன்னால், எந்த நாடு, எந்தப் பொருள் வகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சில பெயர்கள் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பழம் எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சொல்லும். எப்படி விளைந்தது என்பதைப் பற்றி அது பேசாது. குளோபல்கேப் என்பது ஐரோப்பியப் பேரங்காடிகள் 1997இல் தொடங்கிய நல்ல வேளாண் நடைமுறைச் சான்று. அதில் பூச்சிமருந்துக்குத் தடையில்லை, பழத்தில் தங்கும் மருந்து எச்சத்தின் அளவும் கணக்கும் தொழிலாளர் பாதுகாப்பும்தான் பார்க்கப்படும். நீலகிரித் தேயிலைப் பெட்டிகளில் காணும் தவளை முத்திரை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸுடையது. அதுவும் உயிர்மச் சான்று ஆகாது. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியாவின் லோடை போன்ற ஒயின் வட்டாரங்கள் தங்களுக்கென்று 'நிலைத்த திராட்சைச் சாகுபடி' சான்றுகளை உருவாக்கியிருக்கின்றன. தண்ணீர், மின்சாரம், பல்லுயிர், கழிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நல்ல ஏற்பாடு அது. நம் ஊர் விவசாயிக்கு இன்று பணமாக மாறக்கூடியது உயிர்மச் சான்றுதான் என்பது என் கணிப்பு.

மருந்து எச்சம் என்ன செய்யும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 2010இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஊக்கியின் எச்சம் பிடிபட்டது. விவசாயிகள் வழக்கமாகப் பயன்படுத்தி வந்த பொருள்தான் அது. ஆனால் இங்கே சோதிக்கும் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கன்டெய்னர்கள் துறைமுகங்களில் தேங்கின, ஏற்றுமதியாளர்களும் விவசாயிகளும் பெரும் நஷ்டப்பட்டார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை, ஆனாலும் அடி விழுந்தது.

படி 2: மூன்று வருஷத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா?

ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 24 மாதம், திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் உயிர்ம அறுவடைக்கு முன் 36 மாதம். இதுதான் மாறுகாலம். பொதுவாகச் சான்றளிப்பு நிறுவனத்தில் நீங்கள் பதிவான நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடும். "நான் ஐந்து வருஷமாகவே இயற்கைதான்" என்பவர்கள் ஆதாரம் காட்டினால் காலத்தைக் குறைக்க விதியில் இடமிருக்கிறது. எவ்வளவு குறையும் என்பதைச் சான்றளிப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். ஆதாரம் என்றால் வாய்ப்பேச்சு செல்லாது, உரம் வாங்கிய பில்லும் பழைய நோட்டும்தான் செல்லும்.

இந்த மூன்று வருஷத்தில் நிலம் மாறும், விளைச்சல் இறங்கும், விலை மட்டும் சாதாரண விலையாகவே இருக்கும். திராட்சையில் இது கூடுதலாக வலிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீர் வகைக்கு எக்டருக்கு ஆண்டுக்கு 30 டன் என்று சொல்கிறது, ஏக்கருக்குச் சுமார் 12 டன். அதில் கணிசமான பங்கு முதல் இரண்டு வருஷத்தில் குறையலாம் என்று வைத்தே வீட்டுச் செலவைக் கணக்கிடுங்கள். வட்டிக்கு வாங்கிய பணத்தில் மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

பகுதி பகுதியாக மாற்றலாம், ஆனால் அதில் ஒரு முடிச்சு உண்டு. ஒரே விவசாயி ஒரே திராட்சை ரகத்தை ஒரு பந்தலில் உயிர்மமாகவும் பக்கத்துப் பந்தலில் ரசாயனமாகவும் வைத்தால், எது எந்தப் பழம் என்று ஆய்வாளரால் பிரித்துச் சொல்ல முடியாது. சான்றுக்காரர்கள் இதை விரும்புவதில்லை, பெரும்பாலும் ஒத்துக்கொள்வதும் இல்லை. தோட்டத்தில் தென்னையோ வாழையோ தனியாக இருந்தால் அதை முதலில் கொண்டுவாருங்கள். திராட்சையை எப்போது மாற்றுவீர்கள் என்ற திட்டத்தையும் எழுத்தில் கொடுங்கள்.

குழுவாகச் சேருகிறவர்களுக்கு 2015-16இல் தொடங்கிய மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் இடுபொருளுக்கும் சான்றுக்கும் உதவி உண்டு. வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ தோட்டக்கலை அலுவலகத்திலோ இந்த வருஷத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 3: பந்தலுக்குள் எது ஆகும், எது ஆகாது

சான்று பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். திராட்சைக்காரருக்கு அது போதாது. மழை நாலு நாள் விடாமல் பெய்தால் அடிச்சாம்பல் நோய் பந்தலையே வெளுக்கும். அந்த நேரத்தில் கைவசம் என்ன இருக்கிறது என்று தெரியாதவர், மூன்றாவது நாள் மருந்துக்கடைக்குப் போய்விடுவார். அதோடு அவருடைய மாறுகாலக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும்.

அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவை கை கொடுக்கும். பிரான்சின் போர்டோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்து அது. உயிர்ம விதிகளில் இன்றும் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. ஒரு சத வீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டிரம்மிலோ மண்பானையிலோ கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிஷம் கலவையில் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகும்.

"அனுமதி உண்டு" என்பதற்காக ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. செம்பு மண்ணில் சிதையாது, தங்கிவிடும், மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பாவில் எக்டருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது, சராசரியாக வருஷத்துக்கு 4 கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஏக்கருக்கு 400 லிட்டர் கலவை அடித்தால் நான்கு கிலோ துத்தம், அதாவது ஒரு கிலோ செம்பு. ஐரோப்பிய அளவை ஏக்கருக்கு மாற்றினால் 1.6 கிலோதான் வருகிறது. இரண்டு முழு அடிப்பிலேயே எல்லையைத் தாண்டிவிடுவோம். வருஷத்துக்கு இரண்டு மூன்று காய்ப்பு எடுக்கும் நம் ஊரில் இதை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. நம் சான்றில் உங்களுக்கு எவ்வளவு அனுமதி என்பதை உங்கள் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அதற்கேற்ப அரை சதக் கலவைக்கு இறங்குங்கள். அதைவிட முக்கியமாகக் கவாத்திலும் கொடி ஒதுக்குவதிலும் கவனம் வையுங்கள். பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழ வேண்டும். காற்று புகாத பந்தலில் எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அனுமதிக்கப்பட்டது. கடும் வெயிலில் அடிக்காதீர்கள். மாவுப்பூச்சிக்கு, கவாத்து முடிந்தவுடன் தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைச் சுரண்டி எடுத்து எரிப்பது முதல் வேலை. அந்தப் பட்டைக்கு அடியில்தான் அது ஒளிந்திருக்கும். பிறகு மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டை விடலாம். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டால்தான் வண்டு பிழைக்கும். நூற்புழுவுக்கு வேப்பம்புண்ணாக்கும், தொழு உரத்தில் பெருக்கிய நன்மை செய்யும் பூஞ்சாணங்களும் உதவும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் இரண்டும் திராட்சைக்காரர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை.

ஆகாதவை எவை? கவாத்துக்குப் பிறகு மொட்டு ஒரே சீராக விழிக்கத் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு ஆகாது. மொட்டு முன்னே பின்னே வெடிக்கும், அறுவடை இரண்டு மூன்று தவணையாக நீளும். அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். களைக்கொல்லி ஒரு சொட்டும் கூடாது, வரப்பிலும் கூடாது. நகரக் கழிவுநீர்ச் சேறு கலந்த உரம் கூடாது. விதையில்லாத் திராட்சைக்குக் குலை நீள ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் முக்கும் பழக்கம் உள்ளவர்கள், கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

கடையில் 'பயோ', 'ஆர்கானிக்' என்று பெயரிட்டு விற்கும் புட்டிகளிடம் உஷாராக இருங்கள். மூலிகைச் சாறு என்ற பெயரில் ரசாயனம் கலந்து விற்ற பொருட்கள் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கின்றன. ஒரு டேங்க் அடித்ததும் பூச்சி பொலபொலவென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பொருளுக்கு உயிர்ம இடுபொருள் சான்று இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டு, நகலை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். எச்சம் பிடிபட்டால் பழி கடைக்காரர் மேல் விழாது, உங்கள் சான்றுதான் போகும்.

படி 4: பக்கத்துத் தோட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலோடு பந்தல் ஒட்டியே நிற்கும். பக்கத்துத் தோட்டக்காரர் பவர் ஸ்பிரேயரில் அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எல்லையில் அகத்தி, கிளைரிசிடியா, சவுக்கு என்று உயிர்வேலி போடுங்கள். அது வளரும்வரை எல்லையை ஒட்டிய வரிசைகளை இடைவெளிப் பகுதியாக ஒதுக்கி, அந்தப் பழத்தைத் தனியாக அறுத்து, தனிக் கூடையில் போட்டு, சாதாரணப் பழமாக விற்று, அதையும் நோட்டில் எழுதுங்கள். எத்தனை வரிசை என்பதை ஆய்வாளர் இடத்தைப் பார்த்துச் சொல்வார்.

தண்ணீரையும் பாருங்கள். பெரியாற்று வாய்க்கால் பாசனமானாலும் கிணறானாலும், மேல் வயலின் வடிகால் உங்கள் நிலத்தில் இறங்கினால் ஒரு கரை வெட்டி அதைத் திருப்பிவிடுங்கள். வாடகை ஸ்பிரேயரைக் கடைசி ஆபத்தாகச் சொல்கிறேன், ஆனால் முதல் ஆபத்து அதுதான். நேற்று அதே டேங்கில் இன்னொருவர் மான்கோசெப் என்ற ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியை அடித்திருப்பார். சொந்தமாக ஒன்று வாங்கி, அதன் மேல் பெயின்டில் 'உயிர்மம்' என்று எழுதி, இரவல் கொடுக்காமல் வையுங்கள்.

படி 5: விண்ணப்பக் கட்டு

இது பலர் பயப்படும் இடம். உண்மையில் ஒரு வாரத்து வேலை. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல், ஆதார், பான் அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை, பண்ணையின் பொது விவரக் குறிப்பு, பண்ணை வரைபடம், ஆண்டுப் பயிர்த் திட்டம், துறையோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். குத்தகை நிலம் என்றால் குத்தகைப் பத்திரமும் வேண்டும். கட்டணம் சிறு குறு விவசாயி, மற்ற விவசாயி, குழு, நிறுவனம் என்று மாறும். நடப்புத் தொகையை அலுவலகத்திலேயே கேட்டுக் கட்டுங்கள். சிறு குறு விவசாயிச் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்தால் பணம் மிச்சம்.

இவற்றில் இரண்டில் மட்டும் மெனக்கெடுங்கள். ஒன்று சிட்டா. அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ நிலம் கிடந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது வரைபடம். சர்வே எண், நான்கு எல்லையிலும் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார், கிணறு, மோட்டார் அறை, உரக்குழி, கூடை வைக்கும் கொட்டகை, வாய்க்கால் ஓடும் திசை, ஒதுக்கிய எல்லை வரிசைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையால் வரைந்தால் போதும். ஒவ்வொரு பந்தலுக்கும் 'கிழக்குப் பந்தல்', 'கிணத்துப் பந்தல்' என்று பெயர் கொடுத்து, அதே பெயரை நோட்டிலும் பயன்படுத்துங்கள்.

படி 6: நோட்டு

ஐந்து பிரிவு போதும்: வாங்கியது, வீட்டில் தயாரித்தது, தோட்டத்தில் செய்தது, அறுத்தது, விற்றது. தினமும் இரண்டு வரி. இப்படி:

"ஜூன் 12. கிணத்துப் பந்தல், 1 ஏக்கர். போர்டோ அரை சதம், 400 லிட்டர். துத்தம் 2 கிலோ, சுண்ணாம்பு 2 கிலோ, பில் எண் பின்பக்கம். மேகமூட்டம், இலையில் எண்ணெய்ப் புள்ளி கண்டது. அடித்தது நானும் ஒரு ஆளும். மீதித் துத்தம் 3 கிலோ."

இந்த வரியில் எந்த இடம், எவ்வளவு, ஏன், யார், மீதி எவ்வளவு என்ற ஐந்தும் வந்துவிட்டன. "மருந்து அடித்தேன்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'ஏன்' என்பதை எழுத மறந்துவிடுவோம். நோய் கண்ட பிறகுதான், அளவறிந்துதான் அடித்தீர்கள் என்று காட்டுவது அந்தச் சொல்தான். மீதியையும் எழுதுங்கள், ஏனென்றால் ஆய்வாளர் கொட்டகையில் உள்ள மூட்டையை எண்ணி நோட்டோடு ஒப்பிடுவார்.

ஒரே நாளில் ஒரே பேனாவில் ஆறு மாதத்தை எழுதி நிரப்பினால், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சேற்றுக்கறையும் அடித்தல் திருத்தலும் உள்ள நோட்டை யாரும் குறை சொல்வதில்லை. எழுத்து வராத பெரியவர்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம், தேதி சரியாக இருந்தால் போதும்.

படி 7: ஆய்வு நாள்

ஆய்வாளர் முதலில் தோட்டத்தைச் சுற்றுவார். எல்லை, பக்கத்துப் பயிர், களை நிற்கும் விதம் எல்லாம் பார்ப்பார். வரப்பில் புல் ஒரே சீராகக் கருகிக் கிடந்தால் களைக்கொல்லி நினைவுதான் யாருக்கும் வரும். பிறகு கொட்டகை. மூலையில் பழைய ரசாயன டப்பா ஒன்று கிடந்தாலும் கேள்வி வரும். மாறும் நாளிலேயே அவற்றை அப்புறப்படுத்துங்கள். அடுத்து நோட்டு, பில், பரிசோதனை அறிக்கை. கடைசியாகக் கணக்குப் போடுவார்: பந்தல் பரப்பு இவ்வளவு, எதிர்பார்த்த விளைச்சல் இவ்வளவு, விற்றது இவ்வளவு. ஒரு ஏக்கர் தோட்டத்திலிருந்து 20 டன் விற்றதாக எழுதியிருந்தால், வெளிப்பழம் கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்.

சந்தேகம் வந்தால் இலை, பழம், மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். உங்கள் முன்னால் முத்திரையிடச் சொல்லி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமலும் வரலாம். அந்த நேரம் நீங்கள் ஊரில் இல்லை என்றால் நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கூலி ஆள் தெரியாமல் தப்பான மருந்தை அடித்துவிட்டார், பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்து விழுந்தது என்றால் மறைக்காதீர்கள். அன்றே நோட்டில் எழுதி, அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பந்தலை மட்டும் பிரித்து வைக்க வழி கிடைக்கலாம். ஆய்வகத்தில் பிடிபட்ட பிறகு சொன்னால் முழுத் தோட்டமும் சந்தேகத்துக்குள் வரும்.

குழுவாகப் போகிறவர்களுக்கு

மூன்றாம் தரப்புச் சான்றைக் குழுவாகவும் வாங்கலாம். 25 பேர் முதல் 500 பேர் வரை ஒரு குழு. செலவு பிரிந்துவிடும், பழம் ஒரே இடத்தில் சேரும், வாங்குகிறவருக்கும் லாரி நிறையும். குழுவுக்குள்ளேயே உள் ஆய்வாளர்கள் ஒவ்வோர் உறுப்பினர் தோட்டத்தையும் பார்ப்பார்கள், வெளி ஆய்வாளர் ஒரு பங்கை மட்டும் நேரில் வந்து சரிபார்ப்பார். 2025 ஜனவரியில் வெளியான என்.பி.ஓ.பி. எட்டாம் பதிப்பு விவசாயிக் குழுவுக்கே சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். விவசாயிக்கே தெரியாமல் அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றி, அவர் நிலத்தைக் காட்டி வேறு பழத்தை விற்பதாக நாட்டின் பல பகுதிகளில் புகார்கள் எழுந்திருக்கின்றன. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் உங்கள் பெயர், சர்வே எண், விளைச்சல் அளவு உள்ள பக்கத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "விளைபொருளை எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 8: விற்கும்போது

சான்று வந்துவிட்டது என்று பழத்தை அப்படியே மண்டிக்கு அனுப்பினால் மூன்று வருஷ உழைப்பும் சாதாரண விலைக்குப் போகும். மாறுகாலத்தின் இரண்டாம் வருஷத்திலேயே வாங்குகிறவரைத் தேடத் தொடங்குங்கள்.

என்.பி.ஓ.பி.யில் உங்கள் பண்ணைக்குக் கிடைப்பது ஓராண்டுச் சான்று. அதில் எந்தப் பயிர், எத்தனை டன் என்று இருக்கும். சரக்கு கைமாறும்போது அதற்குத் தனியாக விற்பனைச் சான்று எடுக்க வேண்டும். அபெடாவின் டிரேஸ்நெட் இணைய அமைப்பில் அந்த எடை உங்கள் மொத்த அளவிலிருந்து கழியும். வியாபாரி "பழத்தை மட்டும் கொடுங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். பேப்பர் இல்லாத பழத்தை அவர் உயிர்மப் பழமென்று விற்க முடியாது, உங்களுக்கும் அந்த விலையைத் தர மாட்டார்.

கூடைகள், கத்தரி, வண்டி எல்லாம் தனியாக அல்லது கழுவிச் சுத்தமாக இருக்கட்டும். பன்னீர் திராட்சை தோல் மெல்லியது, சீக்கிரம் உதிரும். தொலைவூர் ஏற்றுமதியைவிட ஒரு இரவுப் பயணத்தில் சேரும் ஊர்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

பழச்சாறு, உலர் திராட்சை, ஒயின் என்று போனால் ஆலைக்கும் தனிச்சான்று வேண்டும். உங்கள் தோட்டச் சான்று ஆலை வாசலோடு நின்றுவிடும். ஒயினில் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 2012 அறுவடை முதல்தான் 'உயிர்ம ஒயின்' என்றே எழுத முடிந்தது. பொதுவாகச் சிவப்புக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளைக்கு 150 மில்லிகிராம் வரை, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் அங்கே ஏற்கப்படும். அமெரிக்காவிலோ சல்பைட் சேர்த்தால் 'உயிர்ம ஒயின்' என்று எழுத முடியாது, 'உயிர்மத் திராட்சையில் செய்தது' என்றுதான் எழுத வேண்டும். திராட்சையை ஆலைக்குக் கொடுக்கிறவர் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஆலைக்குச் சான்று உண்டா என்று கேட்காமல் உயிர்ம விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 9: புதுப்பித்தல்

சான்று ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். இடையில் காலாவதியானால் அந்த நாட்களில் அறுத்த பழம் சாதாரணப் பழம்தான். நெல்லுக்கு இது பெரிய பிரச்சினை இல்லாமல் போகலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை காய்க்கும் கம்பத்துத் திராட்சையில், ஒரு மாத இடைவெளி ஒரு முழு அறுவடையைத் தின்றுவிடும். கவாத்து அடித்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் அறுவடைக்கு வரும். அந்தத் தேதியையும் சான்று முடியும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டும் மோதுவதுபோல் தெரிந்தால் விண்ணப்பத்தை இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.